மருந்து ஏறும் நாளும் அதன் பின் வரும் நாட்களும்



விழா நாளில் புற்றுநோயைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். இந்த மண்டபத்திலேயே மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கூட இருந்து பார்த்தவர்கள் இன்னும் அதிகம். ஆகவே, தாதியராகவும் வைத்தியராகவும் பணிபுரியும் பழைய மாணவிகள் நாங்கள் சிலர் கூடி இந்த உரையைத் தயாரித்தோம்.

ஒரு காலத்தில் 'கீமோ' என்றால் மஹரகமதான். 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம். இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பயம் மட்டும் பழைய பயமாகவே இருக்கிறது.

மார்பகப் புற்றுநோய்க்குப் பலகாலமாகக் கொடுக்கப்படும் டொக்சோரூபிசின் என்ற மருந்தையே எடுத்துக்கொள்வோம். தேசிக்காய்த் தண்ணீர்போல் நிறமற்றதாக இராது, நல்ல சிவப்பு. முதல்முறை பார்ப்பவர் இரத்தம் ஏற்றுகிறார்கள் என்றே நினைப்பார். மறுநாள் சிறுநீரும் சிவந்து போகும். அது மருந்தின் நிறம்தான், ஓரிரு நாளில் தெளிந்துவிடும். தொடங்குமுன் இதயத்தை 'எக்கோ' செய்து பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் குருதிப் பரிசோதனை உண்டு. சத்தி வராதிருக்க முன்கூட்டியே மருந்து தருவார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசை புண்ணாகிவிடும். "மிஸ்ஸுக்குத் தொந்தரவு" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்த அடக்கம் இங்கே வேண்டாம்.

இரண்டு, மூன்று கிழமைக்குள் தலைமுடி கொட்டும். சிகிச்சை முடிந்தபின் முளைக்கும். வாய் புண்ணானால் உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நோயாளி என்றதும் "கிரந்தி" என்று சொல்லி இறாலையும் நண்டையும் மீனையும் நிறுத்திவிடுவார்கள். வாவிக்கரையில் பிறந்தவளுக்குப் புரதம் வேறு எங்கிருந்து வரும்? ஒவ்வாமை இல்லாதவர் நன்றாக வேகவைத்து, சூடாகச் சாப்பிடலாம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டாம்.

பட்டிப்பூ என்று நாம் சொல்லும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்ரின், வின்கிறிஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. 1958இல் கனடாவில் நோபிள், பியர் என்ற இருவர் வின்பிளாஸ்ரினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக முற்றத்துப் பட்டிப்பூவை அவித்துக் குடிக்காதீர்கள். அளவு தெரியாமல் குடித்தால் அது நஞ்சு.

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். இந்த மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகிறது. புற்றுநோய்க் கலங்களோடு என்பு மச்சையில் உருவாகும் வெண்குருதிக் கலங்களும் அடிபடும். மருந்து ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை அவை மிகக் குறைந்திருக்கும். அவை மீண்டும் தேறவேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒருமுறை மருந்து. ஆனால் அந்த இடைநாட்களில் நோயாளி நடமாடுவார், சமைப்பார், நன்றாகவே இருப்பார். அப்போது வரும் காய்ச்சல்தான் ஆபத்து. கிருமியை எதிர்க்க ஆளில்லாததால் சீழோ சளியோ இல்லாமல் வெறும் காய்ச்சலாகவே வரும். சில மணித்தியாலங்களில் உயிருக்கே வினையாகும்.

38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரன்ஹைட், வந்தால் அன்றே, அந்த இரவிலேயே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கொத்தமல்லி அவித்துப் பார்ப்பது, பனடோல் போட்டு விடியட்டும் என்றிருப்பது இரண்டும் கூடாது. பனடோல் சூட்டைக் குறைத்துக் காட்டும், கிருமியை ஒன்றும் செய்யாது. கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலிலேயே "கீமோ ஏற்றியவர், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வரிசையில் உட்கார வேண்டாம்.

படுவான்கரையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மண்டூரில் ஒருவருக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் என்றால், குருமண்வெளிப் பாதையை நம்பி விடியும்வரை காத்திருக்க முடியாது. பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போய்விடலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்த ஓட்டோக்காரரை எழுப்புவது என்பதை மருந்து ஏற்றும் நாளிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கும் சகோதரிகளே, ஊரில் ஒருவருக்கு நோய் என்றதும் விற்றமின் குளிசைப் போத்தல்களைப் பார்சலில் அனுப்புகிறீர்கள். உங்கள் மனம் எங்களுக்குப் புரியும். ஆனால் அவற்றில் சில மருந்தோடு மோதும். வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க முடியாமல் அலுமாரியில் கிடக்கின்றன. அதற்குப் பதிலாக ஒரு வெப்பமானி அனுப்புங்கள். ஏழாம் நாள் தொலைபேசி எடுத்து, "இன்றைக்கு எத்தனை காட்டுது?" என்று கேளுங்கள்.