பாவலன் குரலும் பாட்டின் உயிரே



எழுத்து கண்ணுக்கு உரியது; பாட்டோ காதுக்கு உரியது. செய்யுளின் உறுப்புகள் 34 என எண்ணிக் காட்டிய தொல்காப்பியர், அவற்றுள் முதலாவதாக வைத்தது மாத்திரையை. மாத்திரையாவது ஒலிக்கும் கால அளவு. எழுத்தைக்கூட அதற்கு அடுத்தே அவர் வைத்தார். ஒலியை நீக்கிவிட்டால் பாட்டில் எஞ்சுவது கருத்து மட்டுமே. கருத்தை உரைநடையும் சொல்லிவிடும். அச்சுப்பொறி வந்தபின் பாவலன் பாட்டு நாடெங்கும் பரவியது. அவன் குரலோ அவன் உடலோடே மறைந்தது. அக்குரலைக் காக்க மாந்தர் எடுத்த முயற்சியின் வரலாறே ஈண்டு எடுத்துரைக்கப் பெறுவது.

1877-இல் எடிசன் ஒலியைப் பதியும் பொறியைக் கண்டார். 1889 ஏப்பிரல் 7-ஆம் நாள், இலண்டனில் ஓவியர் ஒருவர் இல்லத்தில், இராபர்ட்டு பிரௌனிங்கு என்னும் ஆங்கிலப் பெரும்பாவலர் முன் அப்பொறி வைக்கப்பெற்றது. குதிரை விரைவைப் பாடும் தம் பாட்டொன்றை அவர் தொடங்கினார். சில அடிகளுக்குள் சொற்கள் நினைவினின்று நழுவின. தம் பாட்டே தமக்கு மறந்ததென வருந்தியுரைத்துத் தம் பெயரை உரக்கக் கூவி முடித்தார். அன்று பதிவானது பாட்டின் ஒரு சிறு பகுதியே. ஆயினும் ஒரு முதியவரின் மறதியும் நாணமும் கிளர்ச்சியும் அதனோடு பதிவாயின. அவ்வாண்டு திசம்பரில் அவர் மறைந்தார். ஓராண்டு நிறைந்த நாளில் நண்பர் சிலர் கூடி அம்மெழுகுருளையைச் சுழலவிட்டபொழுது, மறைந்தவர் குரல் மீண்டும் அவர்தம் செவியில் விழுந்தது. 1890-இல் டென்னிசனின் குரலும் மெழுகுருளையில் ஏறிற்று. இரைச்சலும் தேய்வும் மிகுந்த அப்பதிவில், குதிரைப்படையின் பாய்ச்சலைப் பாடும் அவர்தம் பாட்டின் தாளம் இன்றும் கேட்கிறது.

பொறி வந்துவிட்டது, ஆனால், அதைப் பயன்கொள்ளும் உணர்வு வரவில்லை. தாமசு ஆர்டி 1928 வரையும், இலாரன்சு 1930 வரையும், ஔசுமன் 1936 வரையும் வாழ்ந்தனர். இம்மூவர் குரலையும் எவரும் பதிந்து வைத்திலர். இவ்விழப்பு ஆங்கிலேயர்க்கு மட்டும் உரியதன்று. 1902-லேயே கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிவிட்டது. பாரதியார் மறைந்தது 1921-இல். இடையில் ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. ஆயினும், அவர் தம் வாயால் பாடிய பதிவு ஒன்றும் இன்று கேட்கக் கிடைக்கவில்லை. அவர் பாடல்களுக்கு எத்தனையோ பேர் இசையமைத்துவிட்டனர். அவர் எங்கே குரலை உயர்த்தினார், எங்கே நிறுத்தினார் என்பதை இனி எவராலும் கேட்டறிய இயலாது.

பாவலனைவிட நன்றாகப் படிக்கும் நடிகர் இருக்க, அவன் குரல் எதற்கு எனச் சிலர் வினவலாம். இவ்வினாவிற்கு அயர்லாந்துப் பாவலர் யேட்சு விடை தந்துள்ளார். 1930-களில் வானொலியில் தம் பாடல்களைப் படிக்குமுன், தாளம் ஓங்கவே படிக்கப்போவதாக அவர் முன்கூட்டியே சொன்னார். அவற்றைப் பாவாக்கத் தாம் அரும்பாடு பட்டதாகவும், ஆகையால் உரைநடைபோல் படிக்க ஒருப்படுவதில்லை என்றும் கரணியம் கூறினார். நடிகர் பாட்டுக்குப் பொருள் காட்டுவார். பாவலனோ அப்பாட்டு தன் செவிக்குள் எவ்வாறு பிறந்தது என்பதையே காட்டுவான். அவன் குரல் கரகரப்பாயினும் அச்சான்று வேறெவரிடமும் இல்லை.

இச்சான்றின் அருமையை உணர்ந்தோர் செல்வரும் அல்லர், அரசினரும் அல்லர். இருபத்திரண்டு அகவை நிரம்பிய இரு பெண்கள். பார்பரா கோகன், மரியான் உரோனி என்னும் அவ்விருவர், 1952 பிப்ரவரியில் நியூயார்க்கு நகரில் வேல்சு நாட்டுப் பாவலர் டைலன் தாமசின் குரலைப் பதிந்தனர். இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்பப் பாட்டுப் போதாமையால், தம் நாட்டுக் குழந்தைப் பருவத் திருவிழா பற்றிய உரைநடையொன்றையும் அவர் படித்தார். அதுவே பின்னர்ப் பெரும்புகழ் பெற்றது. 1953 நவம்பரில் தாமசு மறைந்தார். இரண்டாண்டு தாழ்த்திருந்தால் அத்தட்டு பிறந்திராது! அப்பெண்கள் தொடங்கிய கேட்மன் நிறுவனம் பாவலர் பலர் குரலை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

அடுத்து, பாட்டு தொலைபேசியில் ஏறிற்று. 1960-களின் இறுதியில் சான் சியார்னோ என்னும் நியூயார்க்குப் பாவலர், ஓர் எண்ணை அழைத்தால் வாழும் பாவலர் ஒருவர் தம் பாட்டைப் படிப்பதைக் கேட்குமாறு ஏற்பாடு செய்தார். நூல் வாங்காதவனும் பாட்டுக் கேட்டான்.

இணையம் வந்தபின் இம்முயற்சி பெருகிற்று. 1999-இல் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் சந்தித்த பாவலர் ஆண்ட்ரூ மோசனும் பதிவாளர் இரிச்சர்டு காரிங்டனும் கருக்கொண்ட பாட்டுக் காப்பகம், 2005-இல் இங்கிலாந்தில் திறக்கப்பெற்றது. வாழும் பாவலரை அழைத்து அவரவர் குரலிலேயே பதிவதும், பழைய பதிவுகளைத் தேடிச் சேர்ப்பதும் அதன் பணி. அதே 2005-இல் அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் சார்லசு பெர்ன்சுடீன், ஆல் பில்ரைசு இருவரின் முயற்சியால் ‘பென்சவுண்டு’ தொகுப்பைத் திறந்தது. அதற்கென பெர்ன்சுடீன் 2003-லேயே வகுத்த நெறிகள் எளியவை: பதிவு கட்டணமின்றிக் கிடைத்தல் வேண்டும், கேட்போர் இறக்கி வைத்துக்கொள்ளல் வேண்டும், ஒவ்வொரு பாட்டும் தனித்தனிக் கோப்பாதல் வேண்டும், பாவலர் பெயர், இடம், நாள் ஆகியன கோப்பினுள்ளேயே பொறிக்கப்பெறல் வேண்டும்.

இறுதி நெறியே தலையாயது. பெயரும் நாளும் இல்லாத ஒலிநாடா, பெட்டிக்குள் கிடக்கும் ஊமை. அமெரிக்கப் பேராய நூலகம் தன் புதுதில்லி அலுவலகத்தின் வழியாக 2000-இல் தொடங்கிய தெற்காசிய இலக்கியப் பதிவுத் திட்டத்தில், தமிழ் எழுத்தாளர் குரல்களும் இடம்பெற்றுள்ளன. கடல்கடந்த நூலகமொன்று செய்ததைத் தமிழூர்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளத் தடை யாது?

இன்று எளிய கைப்பேசியே ஒலிப்பதிவுப் பொறியாய் இருக்கிறது. பொருளில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. முதிர்ந்த பாவலர் ஒவ்வோர் ஊரிலும் உளர். இளையோர் அவரிடம் செல்க. அவர் இசைவு பெறுக. அமைதியான அறையில் அமர்த்துக. ஒருமுறையன்று, இருமுறை படிக்கச் செய்க. பாட்டின் பெயரையும் நாளையும் முதலில் சொல்லச் செய்க. பதிவின் படிகளை ஓரிடத்தன்றி மூவிடத்தே வைத்துக் காக்க. வருவாய் கிடைப்பின் அது பாவலர்க்கே உரியதாகுக.

இதற்கு விழா வேண்டா, மேடை வேண்டா, மாலை வேண்டா. மறைந்தபின் சிலை எடுக்கலாம். சிலைக்குக் குரல் இல்லை. நாளை எனத் தாழ்த்துவோர்க்கு ஆர்டியின் அமைதியே பாடமாகுக. பாவலர் உயிரோடிருக்கும்பொழுதே அவர் பாட்டைச் செவிமடுப்பீர்! கேட்டதைக் காப்பீர்!