ஸ்டடி பெல்

(நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்க பள்ளிக்கூடக் கதையைப் பேசுங்க சார், இருபது நிமிஷம்" என்று நம் செயலாளர் கேட்டார். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடுக்குப் பழகியவன். முயன்று பார்க்கிறேன். கதை முடிந்ததும் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதனால் யாரும் நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.

1964 ஜூன் மாதம். ராஜபாளையம் ரயில் நிலையத்தில் என் அப்பா, நான், ஒரு டிரங்குப் பெட்டி. அப்பா மில் தொழிலாளி. தென்காசி போய், அங்கே வண்டி மாறி, திருநெல்வேலிப் பக்கம் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் விடுதியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்க வருடம் தவறாமல் போகிற குடும்பம். "அங்கே போட்டா புள்ள படிச்சிருவான்" என்று மில்லில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் தெற்கே படிக்கப் போவது அன்று புதிதில்லை. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1927-இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை வந்த பிறகு போக்குவரத்தும் எளிதானது. மிஷன் பள்ளிகளில் இரண்டு வகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சிவகாசிப் பக்கம் தொடங்கிய சி.எம்.எஸ். பள்ளிகள் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவை. நாம் 'ஆர்.சி. ஸ்கூல்' என்று சொல்வது கத்தோலிக்கப் பள்ளிகளை. இன்று இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் பெயர்பெற்ற கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றை நடத்துபவர்கள் சேசு சபையினர். இவர்களில் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606-இல். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரும் இந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். 1773-இல் போப்பாண்டவரே சபையைக் கலைத்துவிட்டார். 1814-இல் மறுபடி அனுமதி கிடைத்தது. 1830-களின் கடைசியில் பிரெஞ்சுக்காரச் சாமியார்கள் மதுரைப் பகுதிக்குத் திரும்பி வந்தார்கள். 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கியதுதான், 1883-இல் திருச்சிக்கு இடம் மாறி இன்று புனித வளனார் கல்லூரியாக நிற்கிறது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் படித்த பள்ளிகளில் கத்தோலிக்கர் நடத்திய சேவியர் பள்ளியும் ஒன்று, புராட்டஸ்டன்ட்கள் நடத்திய கால்டுவெல் பள்ளியும் ஒன்று. பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரி தொடங்கியது 1923-இல்.

"கான்வென்ட் இங்கிலீஷ்தான் அவங்க ரகசியம்" என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவம் வேறு. பிற்பாடு நானே ஆசிரியரான பிறகுதான் விஷயம் புரிந்தது. 1599-இலேயே இவர்கள் பள்ளிகளுக்கென்று ஒரு விதிநூல் எழுதி வைத்துவிட்டார்கள். அதில் இரண்டு ஏற்பாடுகள் முக்கியம். ஒன்று, புதுப் பாடத்துக்கு முன் பழைய பாடத்தைத் திருப்பிச் சொல்வது. இன்னொன்று, சில மாணவர்களுக்கு ஒரு மாணவனைப் பொறுப்பாக்கி, மற்றவர்கள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்க வைப்பது. அந்தப் பொறுப்பாளனுக்கு லத்தீனில் உள்ள பெயருக்கே 'பத்துப் பேருக்குத் தலைவன்' என்றுதான் பொருள்.

எங்கள் விடுதியில் இதைத்தான் வேறு பெயரில் பார்த்தோம். சாயங்காலம் ஆறரைக்கு ஸ்டடி பெல் அடிக்கும். ராஜபாளையத்தில் மில் சங்குக்கு எப்படி ஊரே அசையுமோ, அப்படி விளையாட்டு மைதானம் ஒரு நிமிடத்தில் காலியாகும். நீளமான ஒரே கூடம். சின்னப் பையன்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். எட்டு மணி வரை பேச்சே கூடாது. கரண்ட் போனால் பெட்ரோமாக்ஸ் வரும், ஸ்டடி நிற்காது.

எனக்குக் கணக்கு வராது. வத்திராயிருப்புக்காரர் ஒருவர், பத்தாம் வகுப்பு அண்ணன், என் பெஞ்சுக்குப் பொறுப்பு. முதல் நாளே, "புஸ்தகத்தை மூடு. நேத்து நடத்துனதை எனக்குச் சொல்லு" என்றார். எனக்குச் சொல்ல வரவில்லை. மறுநாளும் அதையே கேட்டார். மூன்று வாரத்தில் பின்னம் வந்துவிட்டது. எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்தான் தனக்கும் கணக்கு நின்றது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கூடத்தில் பேசியதற்காக ஒருமுறை வாங்கிய பிரம்படி, விடுமுறைக்கு வந்தபோதும் முதுகில் தழும்பாக இருந்தது. அம்மா எண்ணெய் தேய்த்துவிடும்போது பார்த்து அழுதாள். அந்தப் பிரம்பு இன்று எந்தப் பள்ளிக்கும் வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் கோதுமை ரவை உப்புமா போட்டதையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போனபோது எங்களுக்கு நீதிபோதனை வகுப்பு நடந்தது. யாரும் யாரையும் மாறச் சொன்னதில்லை.

அந்தக் கூடத்தில் யார் பக்கத்தில் யார் என்ற கேள்வியே வரவில்லை. மில் தொழிலாளி மகன், மிராசுதார் மகன், சலவைத் தொழிலாளி மகன் எல்லாரும் ஒரே பெஞ்ச். இது தானாக வந்துவிட்டது என்று அன்று நினைத்திருந்தேன். பிறகுதான் வடக்கன்குளம் கதையைப் படித்தேன். திருநெல்வேலிப் பக்கம் உள்ள அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பீடம் ஒன்று, ஆனால் சாதி வாரியாக மக்கள் நிற்க இரண்டு கூடங்கள், நடுவே சுவர். கோயிலையே அப்படித்தான் கட்டியிருந்தார்கள். 1910-இல் கௌசானல் என்ற பிரெஞ்சுச் சாமியார் அந்தச் சுவரை எடுத்தார். ஒரு பிரிவினர் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஒரே பெஞ்சில் நாங்கள் உட்காருவதற்கு முன்னால் இப்படி எத்தனை பேர் ஊர்ப் பகையைச் சம்பாதித்திருக்கிறார்கள் பாருங்கள்.

அப்துல் கலாம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியை முடித்து, 1950-இல் திருச்சி புனித வளனார் கல்லூரிக்குப் போனார். விடுதியில் அவருடைய அறைத் தோழர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், இன்னொருவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்று பேரும் ஒற்றுமையாக இருந்ததை அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த ஹால் மாதத்தில் நாலைந்து நாள் பிறந்தநாள் விழாவுக்கும் வளைகாப்புக்கும் திறக்கிறது. மற்ற மாலைகளில் பூட்டிக் கிடக்கிறது. மாடியில் நம் பிள்ளைகள் ஆளுக்கொரு அறையில், கையில் ஆளுக்கொரு போனோடு 'படிக்கிறார்கள்'. கீழே, நம் கேட்டில் காவல் இருப்பவரின் மகள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு மாடிப்படி லைட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறரை முதல் எட்டு வரை, ஹாலைத் திறந்து வைப்போம். போனை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டு உள்ளே வரட்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு ஏற்கட்டும். நம்மில் தினம் ஒருவர் வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பாடம் நடத்த வேண்டியதில்லை. கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள், காவலர் வீட்டுப் பிள்ளை, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் கூட்டி வரும் பிள்ளைகள், எல்லாரும் ஒரே பெஞ்சில்.

கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான்கு விளக்கு, நான்கு ஃபேன். மெயின்டனன்ஸில் இடமில்லை என்றால் முதல் ஆறு மாதத்துக்கு நான் கட்டுகிறேன். 'வெளிப் பிள்ளைகள்' வந்தால் பாதுகாப்பு என்ன ஆகும் என்று குரூப்பில் இருவர் எழுதியிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இரவெல்லாம் நம் கேட்டைக் காப்பவரின் மகளை நாம் வெளிப் பிள்ளை என்று சொல்ல முடியுமா? வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இது தீர்மானமாக வருகிறது. வாரத்தில் ஒரு மாலை தர முடிந்தவர்கள் அலுவலக அறையில் உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். முதல் வாரம் ஐந்து நாளும் நானே வருகிறேன். பெல் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டேன்.