தீக்கு முன்னே வரும் நாற்றம்

ஒரு வீட்டில் தீப்பிடித்துக் குடும்பமே கருகிப்போனால், "திடீர்னு வெடிச்சிருச்சு" என்றுதான் அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். சமையல் கேஸ் கசிந்து பிடிக்கும் தீயைப் பொறுத்தவரை அந்தத் 'திடீர்' பெரும்பாலும் பொருந்தாது என்பேன். இந்த வாயுவுக்கு இயல்பில் வாசனையே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறுவதற்கும் தீப்பற்றுவதற்கும் நடுவே கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. அதைப் பல நேரம் நம் கையே பறித்துவிடுகிறது. நடுராத்திரியில் எழுந்து வந்து, அடுப்படி வாசலில் நின்றபடி சுவரைத் தடவி லைட்டைப் போடுகிற கை.

காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்தடிக்கு எட்டடி அடுப்படி முழுக்க அந்த அளவு கலக்க, 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் ஒரு கிலோ வெளியேறினால் போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் அது தரையோடு தேங்கும். ஆகவே கால் மட்டத்தில் இன்னும் சீக்கிரமே ஆபத்து. ஸ்விட்சைத் தட்டும்போது உள்ளே எழும் சின்னப் பொறி மிச்சத்தைச் செய்துவிடும். இருட்டில் லைட் போடாமல் என்ன செய்வது என்று கேட்பது நியாயமே. தினமும் தொட்டுப் பழகிய கைக்கு ரெகுலேட்டர் இருக்கும் இடம் இருட்டிலும் தெரியும். முடிந்தால் அதை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் கேஸை வெளியே தள்ளிவிடாதா என்பார்கள். அதன் ஸ்விட்சிலும் அதே பொறிதான். ஃபேன் இருப்பதோ உயரத்தில், கேஸ் கிடப்பதோ தரையில். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனை நிறுத்துவதும் கூடாது. கேஸ் அவசர உதவிக்கான 1906 எண்ணைக்கூடத் தெருவுக்கு வந்த பிறகே கூப்பிடுங்கள்.

"நாத்தம் வந்தா எனக்குத் தெரியாதா?" என்ற நம்பிக்கைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஒரே நாற்றத்தில் இருந்துகொண்டே இருந்தால் மூக்கு மரத்துப்போகும். வயதாக ஆக மோப்பமும் மங்கும். அடுப்படியிலேயே நிற்கும் அம்மாவுக்கும், பக்கத்து அறையில் படுத்திருக்கும் பாட்டிக்கும் தெரியாதது, வெளியிலிருந்து வருகிறவருக்குச் சட்டென்று தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை செருப்பைக் கழற்றும்போதே "என்னம்மா, ஏதோ நாறுதே" என்றால், அதட்டாமல் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். நாற்றம் முழுக்க அடங்கியபின் டியூபைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. எந்த ஆண்டு என்பது அதன்மேலேயே அச்சிட்டிருக்கும்.