போட்டது 12 வெள்ளி, பிடித்தது 200 வெள்ளி

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை. என் மாணவன் ஒருவனின் தந்தை பதறிப்போய் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், மோட்டார் சைக்கிளுக்கு 12 வெள்ளிக்குத்தான் எண்ணெய் போட்டேன். கணக்கிலே 260 வெள்ளி இருந்தது. இப்போ 60தான் காட்டுது. பையனுக்குச் சப்பாத்து வாங்க வச்சிருந்த காசு சார்!" என்றார்.

எண்ணெய் நிலையத்தில் போய்ச் சண்டை போடவும் தயாராக இருந்தார். ஆனால் அவரை யாரும் ஏமாற்றவில்லை. நடந்தது என்ன?

அவர் வங்கி அட்டையைப் பம்பிலேயே செருகியிருக்கிறார். நாம் எவ்வளவு எண்ணெய் போடப் போகிறோம் என்பது பம்புக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே நம் நாட்டில் பொதுவாக 200 வெள்ளியை ஒதுக்கி வைக்கும்படி அது வங்கியைக் கேட்கிறது. கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுக்கும்போது முன்பணம் கட்டுகிறோம் அல்லவா? அதைப் போலத்தான். ஒரு வேற்றுமை உண்டு. இந்த 200 வெள்ளி நிலையத்துக்குப் போவதில்லை. நம் கணக்கிலேயே பூட்டிக் கிடக்கிறது. உண்மையான 12 வெள்ளிக் கணக்கு வங்கிக்கு வந்து சேர்ந்ததும் மீதி விடுவிக்கப்படுகிறது. இதற்கு மூன்று வேலை நாள் வரை ஆகலாம். இடையில் விடுமுறை வந்தால் இன்னும் தாமதமாகும்.

மாதச் சம்பளக்காரருக்கு இது சிறிய தாமதம். நாள் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கோ இது அரிசி, மருந்து, சப்பாத்து. கணக்கில் 200 வெள்ளி இல்லையென்றால் பம்பு அட்டையை ஏற்காமலும் போகலாம்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. அட்டையைப் பம்பில் செருகாதீர்கள். உள்ளே முகப்புக்குப் போய், "12 வெள்ளிக்கு" என்று தொகையைச் சொல்லி, இரகசிய எண்ணை அழுத்திச் செலுத்துங்கள். அந்தத் தொகை மட்டுமே கழியும். இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாலைந்து வேலை நாள் கடந்தும் பணம் விடுபடவில்லையென்றால், இரசீதுடன் உங்கள் வங்கிக்குச் சென்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்தத் தந்தைக்குப் புதன்கிழமை பணம் விடுபட்டது. பையன் மூன்று நாள் பழைய சப்பாத்தோடுதான் பள்ளிக்கு வந்தான். இன்னொரு பிள்ளைக்கு அந்த நிலை வேண்டாம் என்றுதான் இதைச் சொன்னேன்.