இரு கல்லூரிகளுள் எதனைத் தேர்வது?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'கல்வியின் சிறப்பு' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கல்வி சிறந்தது என்று நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய காலம் கடந்துவிட்டது. அதனை உணர்ந்திருந்தமையாலன்றோ, நாற்று நடப் போகும் தாய்மார்களும் தம் கூலியில் ஒரு பங்கைச் சந்தாவாகத் தந்து இச்சங்கத்தை வளர்த்தார்கள்! ஆகவே தலைவரின் இசைவுடன் என் பொருளைச் சுருக்கிக்கொள்கின்றேன். பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளைக்கு இரண்டு சிறிய கலைக் கல்லூரிகளில் இடம் கிடைக்கின்றது. ஒன்று, பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவிலுள்ள அரசுக் கல்லூரி. மற்றொன்று, நகரத்திலுள்ள, அரசு உதவி பெறும் பழைய கல்லூரி. எதில் சேர்ப்பது? ஆண்டுதோறும் மே, சூன் திங்களில் இக்கேள்வியுடன் பெற்றோர் என்னிடம் வருகின்றார்கள். மருத்துவக் கல்லூரியைப் பற்றியும் பொறியியல் கல்லூரியைப் பற்றியும் மேடைகளில் பேச ஆளிருக்கின்றது. நம் பிள்ளைகளுள் மிகப் பலர் சென்று சேர்வதோ கலைக் கல்லூரிகளில். அவற்றைப் பற்றிப் பேசுவார் இல்லை.

வருகின்ற பெற்றோர் முதலில் கேட்பது, "ஐயா, இரண்டில் எதற்குப் பெயர் அதிகம்?" என்பதுதான். பெயரால் பயன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெயர் நம் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் பயின்றது பம்பாயின் புகழ்பெற்ற எல்பின்ஸ்டன் கல்லூரி. பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையைக் கொண்டு படித்து, 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்கல்லூரியின் சிற்றுண்டிக் கடைக்காரர் அவருக்குத் தேநீரோ தண்ணீரோ தர மறுத்தார் என்பதும், அதே கல்லூரியின் பேராசிரியர் முல்லர் அவருக்கு நூல்களும் உடைகளும் கொடுத்து உதவினார் என்பதும் அவர் வரலாற்றில் காணப்படுகின்றன. கல்லூரியின் புகழ், அந்த மாணவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் வாங்கித் தரவில்லை.

அந்த மாணவர் பின்னாளில் தாமே கல்லூரி தொடங்கியபோது என்ன செய்தார் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் சார்பில் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் அவுரங்காபாத்தில் பிற்காலத்தே மிலிந்த் கல்லூரி எனப் பெயர் பெற்ற கல்லூரியும் தோன்றின. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பம்பாயில் நம்மவர் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்துக்கொண்டிருந்தனர். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அவர்களுக்காகச் சித்தார்த்தாவில் காலை வேளையில் வகுப்புகள் நடத்தப்பட்டன. மராத்வாடாவோ நிசாம் ஆட்சியில் கல்வியிற் பின்தங்கிக் கிடந்த பகுதி. அங்கே சிற்றூரை விட்டு வெளியேறினாலன்றிப் பையன் படிக்க இயலாது. ஆகவே மிலிந்த் கல்லூரிக்கு விடுதியே உயிர்நாடியாயிற்று. அங்கிருந்து புறப்பட்ட இளைஞர்கள் மராத்தி இலக்கியத்தின் போக்கையே மாற்றினார்கள். அக்கல்லூரி ஆசிரியர் கங்காதர் பான்தாவணே நடத்திய 'அஸ்மிதாதர்ஷ்' இதழ் அதற்குக் களமாயிற்று. இவ்விரு கல்லூரிகளுள் எது உயர்ந்தது என்று கேட்டால் விடை கிடையாது. வேலையை விட முடியாதவனுக்கு ஒன்று. ஊரை விட வேண்டியவனுக்கு மற்றொன்று. நம் பிள்ளை இவ்விருவருள் யார் என்பதைத்தான் முதலில் தெளிய வேண்டும்.

விடுதியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். நம் முன்னோர் பள்ளியை நினைத்தபோதெல்லாம் விடுதியையும் சேர்த்தே நினைத்தார்கள். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கிய அம்பேத்கர், அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறக்கச் செய்தார். நம் நாட்டிலும், சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர், மாணவர்களைத் தங்க வைத்து உணவிட்டே படிக்கச் செய்தார். காரணம் வெளிப்படை. ஒற்றை அறையும் ஒரு விளக்கும் உள்ள வீட்டில், மாலையில் ஆறு பேர் கூடும் இடத்தில், பொருளியல் நூலை விரித்து வைக்க இடம் ஏது? அறுவடை வந்தால் ஆள் குறைகிறது என்று அழைப்பார்கள். சாவு வந்தால் பறையெடுக்க அழைப்பார்கள். அரசுக் கல்லூரி அருகில் இருப்பது பெரிய வசதிதான். அந்த அருகாமையே சில வீடுகளில் படிப்புக்கு எதிரியாகி, வாரத்தில் மூன்று நாள் மட்டும் வகுப்பில் தலைகாட்டும் மாணவனை உண்டாக்கிவிடுகின்றது. ஆதலால் கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியையும் பார்த்துவிட்டு வாருங்கள். கல்லூரியிலிருந்து எவ்வளவு தொலைவு, இரவு எத்தனை மணி வரை விளக்கு எரிகின்றது, தண்ணீர் வருகின்றதா, காப்பாளர் அங்கே தங்குகின்றாரா என்பவற்றை அங்குள்ள மாணவர்களிடமே கேளுங்கள்.

அடுத்தது பணம். இதில் நம்மவர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. அரசு உதவி பெறும் கல்லூரி என்றவுடன் அதன் எல்லா வகுப்புகளுக்கும் அரசு உதவி உண்டு என எண்ணிவிடுகின்றோம். அப்படியன்று. ஒரே வாயிலுக்குள், ஒரே பெயர்ப்பலகையின் கீழ், உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் உண்டு. பாடமும் பட்டமும் ஒன்றே. கட்டணம் மட்டும் வேறு. என் மாணவன் ஒருவன், கட்டடத் தொழிலாளியின் மகன், நகரத்துக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கிடைத்தது என்று மகிழ்ந்து சேர்ந்தான். தன் இடம் சுயநிதிப் பிரிவில் என்பது, தாயின் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய பின்னர்தான் அவனுக்குத் தெரிந்தது. விண்ணப்பத்தை நீட்டும்போதே, "இந்த இடம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது?" என்று கேட்பதற்குத் தயங்காதீர்கள். அது நம் உரிமை.

குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்க்கென மைய அரசு வகுத்த உதவித்தொகைத் திட்டத்தில் 2021இல் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. மைய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக வருமாறு செய்தார்கள். கணக்கில் விழுந்த பணத்தை வீட்டில் கடன்காரனுக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் கல்லூரிக் கட்டணத்திற்குத் திண்டாடுவோரைக் காண்கின்றோம். பணம் பெரும்பாலும் காலந்தாழ்ந்தே வரும் என்பதையும், அதுவரை பொறுக்கும் வழக்கம் அக்கல்லூரி அலுவலகத்தில் உண்டா என்பதையும் அறிந்துகொண்டு சேருங்கள்.

பயிற்று மொழியையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணியில் நூற்றுக்கு 20 இடம் முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியிலேயே அமைதல் வேண்டும் என 2020இல் அது திருத்தப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் பயின்ற பிள்ளை, பட்டப் படிப்பை ஆங்கில வழியில் எடுத்தால், பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட பணிகளில் அம்முன்னுரிமை போய்விடும். இதைச் சொல்வதால் ஆங்கிலத்தை விட்டொழிக்கச் சொல்கின்றேன் என எவரும் கருத வேண்டா. ஆங்கிலம் நமக்கு மிகவும் வேண்டும். இழப்பது இன்னதென்று அறிந்து இழக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு சொல். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே பல வகுப்புகள் நடைபெறுகின்றன. அவர்களுள் முனைவர் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளும் இருக்கின்றார்கள், நன்றாகவே கற்பிக்கின்றார்கள். நீங்கள் சேரும் துறையில் எத்தனை பேர் இருக்கின்றார்கள், நூலகத்தில் நூலை வீட்டுக்குத் தருகின்றார்களா என்பவற்றை இரண்டாம் ஆண்டு மாணவர் எவரும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நம் பிள்ளைகளை அங்கே எப்படி நடத்துகின்றார்கள் என்பதையும் அவரிடமே கேட்கலாம். விளக்கச் சிற்றேட்டில் அது அச்சிடப்படுவதில்லை.

அப்படியானால் என் முடிவு என்ன என்று கேட்பீர்கள். நகரத்துக் கல்லூரியில் உதவி பெறும் பிரிவில் இடமும், நம்பத்தக்க விடுதியும் கிடைக்குமாயின், ஊரை விட்டு அனுப்புங்கள். சுயநிதிப் பிரிவு என்றால், கடன் வாங்கிப் பெயரை விலைக்கு வாங்க வேண்டா. கற்பிப்புக் கட்டணம் இல்லாத அரசுக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, மிஞ்சும் பணத்தில் அந்த ஊரிலேயே விடுதிக்கு வழி பாருங்கள். வேலை செய்துகொண்டே படிக்க வேண்டியவன், சுழல் முறை வகுப்புள்ள கல்லூரியையே நாட வேண்டும். இங்கே மற்ற எதுவும் இரண்டாம்பட்சம்.

இவையெல்லாம் மகனுக்கு மட்டும் சொன்னவை அல்ல. "பெண்தானே, பக்கத்திலுள்ளது போதும்" என்று பேசுவோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றார்கள். மகன் 300 மதிப்பெண் பெற்றால் நகரம். மகள் 500 பெற்றாலும் பக்கத்து ஊர். இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டபோது, அது திருமணச் செலவுக்கு உதவும் என்று மகிழ்ந்த தந்தையையும் நான் கண்டேன். பெண்கள் விடுதிக்குத் தாயே நேரில் சென்று பார்த்துத் தெளியட்டும்.

தேர்வு முடிவு வெளியானதும் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும், காலை பத்து மணி முதல் இச்சங்கக் கட்டடத்தில் நான் இருப்பேன். சாதிச் சான்றிதழ், இவ்வாண்டு பெற்ற வருமானச் சான்றிதழ், ஆதார் அட்டை, மாணவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படிகளுடன் வாருங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும். பழையதைக் கொண்டுவந்து பயனில்லை. இரண்டு கல்லூரிகளின் கட்டணச் சீட்டுகளையும் கையோடு எடுத்து வந்தால் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.