கட்டி வெளியேறட்டும், பிறகு கழுவலாம்



இந்தச் சிறுநீரியல் மாநாட்டில் ரோபோ அறுவையும் லேசரும் நிறையவே பேசப்படவிருக்கின்றன. தலைமை உரைக்கு நான் எடுத்துக்கொண்டது நள்ளிரவு வார்டில் நடக்கும் ஒரு வேலை. சிறுநீர்ப்பைக்குள் ரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்ள, அடிவயிறு விம்மித் துடிக்கிற நோயாளிக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்?

ப்ராஸ்டேட் அறுவை முடிந்தவர், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளி, கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பெண் என்று இப்படி வருபவர்கள் பலர். இவர்களிடம் நடக்கும் பெரிய தவறு, உள்ளே ரத்தக்கட்டி இருக்கும்போதே சலைனைத் தொங்கவிட்டுத் திறந்துவிடுவது. நீர் உள்ளே போகும், வெளியே வராது. பை உப்பி வலி கூடும், ரத்தப்போக்கும் கூடும். கதிர்வீச்சிலோ அறுவையிலோ மெலிந்த சுவர் கிழிந்தும் போகலாம். போன அளவுக்குத் திரும்ப வரவில்லையென்றால் அந்தக் கணமே சலைனை நிறுத்துங்கள்.

முதலில் கையால் கழுவ வேண்டும். 22 அல்லது 24 பிரெஞ்சு அளவுக் கதீட்டர் வேண்டும். 24 என்றால் வெளிவிட்டம் 8 மில்லிமீட்டர். மூன்று வழிக் கதீட்டரில் உள்ளே செலுத்தும் குழாயும் இடம்பிடிப்பதால் வெளியேறும் வழி குறுகிவிடும். அதனால் அகலமான துளைகள் கொண்ட இருவழிக் கதீட்டரால் கட்டிகளை எடுத்துவிட்டு, பிறகு மூன்று வழிக்கு மாறுவதையே நான் விரும்புகிறேன். 50 அல்லது 60 மில்லி சிரிஞ்சில் சலைன் நிரப்பிச் செலுத்தி உறிஞ்சுங்கள். வரவில்லையென்றால் குழாயைச் சற்றே திருப்பி, முன்பின் நகர்த்துங்கள். துளை சுவரோடு ஒட்டியிருக்கலாம். வெறும் தண்ணீர் கூடாது. திறந்த ரத்தக்குழாய் வழியே அது உடலில் ஏறினால் சிவப்பணுக்கள் உடையும், சோடியம் குறையும்.

ஒரு கட்டிகூட மிஞ்சக் கூடாது என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. சிறுநீரில் யூரோகைனேஸ் இருக்கிறது. அது கட்டியைக் கரைக்கும்போது உண்டாகும் ஃபைப்ரின் சிதைவுப் பொருள்கள், கசியும் இடத்தில் ரத்தம் உறைவதைத் தடுக்கின்றன. மேலும் கட்டி நிரம்பிய பை சுருங்கவும் முடியாது. மிச்சம் உண்டா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் தொடர் கழுவலைத் தொடங்க வேண்டும்.

கையால் முடியாவிட்டால் காத்திருக்காமல் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோங்கள். மயக்கம் கொடுத்து, ரிசெக்டோஸ்கோப் உறை வழியே, மைலோ எல்லிக் 1937இல் விவரித்த எவாக்குவேட்டர் கருவியால் கட்டிகளை எடுத்துவிட்டு, கசியும் இடத்தைத் தீய்த்து நிறுத்தலாம். பிறகு காரணத்தைத் தேடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதால் சிஸ்டோஸ்கோப்பி வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். மருந்தின் நிழலில் ஒளிந்திருக்கும் புற்று இப்படித்தான் முதலில் வெளிப்படும்.

நோயாளியிடம் முதலில் ஓடி வருபவர்கள் இரவுப்பணி செவிலியரும் இளம் மருத்துவருமே. எனவே இம்மாநாட்டின் முதல் அமர்வை இவர்களுக்கான செய்முறைப் பயிற்சியாக வைக்கக் கேட்டுக்கொண்டேன். சிரிஞ்சும் கதீட்டரும் பக்கத்து அரங்கில் தயாராக உள்ளன. மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.