முகங்களிலிருந்து பூநாரைகளுக்கு

(நம் சங்கக் கூட்டத்தில் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தெருவில் முகங்களை எடுத்துக்கொண்டிருந்தவன் ஏன் ஏரிப் பக்கம் போய்விட்டான் என்று செயலாளர் கேட்டார். அதையே பேசச் சொல்லிவிட்டார்.

பள்ளிப்பட்டு கடைத்தெருவில் 50 மி.மீ. லென்ஸோடுதான் திரிவேன். அதில் முகம் எடுக்க நாலைந்து அடியில் நிற்கவேண்டும். பேச்சுக் கொடுக்காமல் முடியாது. பூக்கார அம்மாவிடம் இரண்டு முழம் வாங்கி, "எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டுத்தான் எடுப்பேன். முன்பெல்லாம் "எனக்கு ஒரு காப்பி தருவியா?" என்பார்கள். கைபேசி வந்தபின் "இதை எதுல போடுவே?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒருமுறை இணையத்தில் ஏற்றினால் யார் கைக்குப் போகும் என்று நான் எப்படி உறுதி சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் செபஸ்தியாவோ சல்காடோ பற்றிப் படித்தேன். பிரேசில்காரர், 2025இல் மறைந்தார். நம் நாட்டு நிலக்கரித் தொழிலாளர்களைக்கூட வந்து எடுத்தவர். 1994 ருவாண்டா படுகொலையைப் பார்த்தபின் உடம்பும் மனசும் நொந்து ஊர் திரும்பினார். அங்கே அப்பாவின் பண்ணை பொட்டலாகக் கிடந்தது. காட்டைத் திரும்ப வளர்க்கலாம் என்று யோசனை சொன்னது மனைவி லேலியா. 1998இல் அதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இதுவரை 20 லட்சம் மரங்களுக்கும் மேல். அதன்பிறகுதான், 2004இல், 'ஜெனசிஸ்' வரிசைக்காகக் காடு, பனி, விலங்கு என்று கிளம்பினார்.

அவர் முதலில் போனது கலாபகஸ் தீவுகளுக்கு. ராட்சத ஆமையின் அருகே நின்றால் அது நகர்ந்துவிடுகிறது. மண்டியிட்டு, கையூன்றி, அதன் உயரத்துக்குத் தாழ்ந்து, கொஞ்சம் பின்வாங்கினார். ஆமை அவரை நோக்கி வந்தது. நம் பூக்கார அம்மாவிடம் கேட்ட அதே அனுமதிதான்!

எனக்கு அகப்பட்டது பழவேற்காடு ஏரி. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை அதை ஊடறுத்துப் போகிறது. பனிக்காலத்தில் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்து, ஆழமில்லாத தண்ணீரை வடிகட்டித் தின்னும். பறந்தால்தான் சிறகின் சிவப்பு தெரியும் என்று சிலர் கைதட்டி எழுப்புகிறார்கள். எனக்குப் பொறுக்காது. தின்னும் நேரம் போச்சு, தின்றதும் பறப்பதில் போச்சு.

கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. காரைவிட்டு இறங்காதீர்கள், நடந்து வரும் ஆளைவிட நின்ற வண்டிக்குப் பறவை குறைவாகவே பயப்படும். ஜன்னலில் அரிசி கட்டிய சின்னத் துணிப்பை, அதன்மேல் லென்ஸ். கூட்டம் மொத்தமாகத் தலை தூக்கினால் "வேண்டாம்" என்று அர்த்தம். டிரைவரிடம் "அண்ணே, கொஞ்சம் ரிவர்ஸ்" என்று சொல்லிவிடுங்கள்.